பல்லக்காவின் பாதி

அந்தத் தெருவில் பல்லக்கா என்றால் தெரியாதவர் கிடையாது. அவளுடைய பல்லைப் பார்த்து யாரும் அந்தப் பெயரை வைக்கவில்லை. அவளுடைய சொந்தப் பற்கள் பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற ஜனங்களைப் போல முன்னும் பின்னுமாகத்தான் நிற்கும். அவள் ஊராருக்குப் பல் செய்து கொடுப்பவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒற்றைப் பல்லோ, நாலு பல் சேர்ந்த பிரிட்ஜோ, மேலும் கீழும் முழு செட்டோ செய்து அனுப்ப வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று அறைகள்தான் லேப். முதல் அறையில் பிளாஸ்டர் கலக்கும் மேடை. நடு அறையில் மெழுகு, பீங்கான் பொடி டப்பாக்கள், பல்லைச் சுட்டெடுக்கிற சின்னச் சூளை. கடைசி அறையில் ஒரு நாற்காலியும் ஒரு பெரிய ஜன்னலும் மட்டும்.

அந்தக் கடைசி அறைக்குப் பக்கத்துச் சந்திலிருந்து தனிக் கதவு உண்டு. முன்பல் விஷயம் என்றால் டாக்டர்கள் அச்சை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள், ஆளையே அனுப்பி வைப்பார்கள். பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். வருகிறவர்கள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சந்து வழியாக வந்து ஜன்னலைப் பார்த்து உட்காருவார்கள். பல்லக்கா முகத்தில் மாஸ்க், நெற்றியில் பூதக்கண்ணாடி, தலையில் துணித்தொப்பி என்று வந்து நிற்பாள். பெயர் கேட்க மாட்டாள். போகும்போது எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், யாருக்கும் தெரியாதில்ல என்று. அவளும் ஒரே பதிலைத்தான் சொல்லுவாள்.

"இந்த ரூமை விட்டு வெளிய போகாதுங்க."

லேப்பை ஆரம்பித்தவர் அவளுடைய மாமனார். யாருக்குப் பல் செய்தோம் என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மனுஷனுக்கு வேறு எந்தச் சட்டத்தின் மேலும் பெரிய மரியாதை கிடையாது. இதில் மட்டும் கண்கொத்திப் பாம்பு. பஸ்ஸில் ஒருவர் சிரித்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் கண்ணடித்த குற்றத்துக்காக ஒரு வேலையாளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். அந்த ஆள் வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

பல்லக்கா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது மாமனார் அவளிடம் பிளாஸ்டர் வாளியைக் கொடுத்தார். அச்சில் பிளாஸ்டர் ஊற்று, காய்ந்ததும் தட்டி எடு, மேடையைத் துடை. அவ்வளவுதான். மெழுகைத் தொட்டால் முறைப்பார். மருமகள் தேடினாரா, வாளி தூக்க ஆள் தேடினாரா என்று எனக்கே சந்தேகம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வருஷம் ஊற்றினாள். ஆனால் குப்பையில் விழுந்த மெழுகுத் துண்டுகளையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொண்டு, மத்தியானம் எல்லோரும் கண் அசருகிற நேரத்தில் பல் செதுக்கிப் பார்த்தாள். முதலில் செய்ததெல்லாம் வேர்க்கடலை மாதிரி இருந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு மாமனாருக்குக் கண்ணில் புரை விழுந்தது. அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நிறம் சேரவில்லை என்று ஒரு பல் கிளினிக்கிலிருந்து மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தபோது, அந்த டாக்டர் வைத்திருக்கும் பல்பு சரியில்லை என்றார். பல்லக்கா யாரையும் கேட்கவில்லை. பல்லை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள், தூரிகையை எடுத்தாள், ஓரத்தில் துளி சாம்பல், ஈறையொட்டிய கழுத்தில் துளி மஞ்சள், நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மயிரிழை விரிசல் என்று வைத்துச் சுட்டாள். பல் போனது, திரும்பி வரவில்லை. மாமனார் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. மறுநாள் காலையில் தூரிகை டப்பா அவள் உட்காரும் இடத்துக்கு வந்திருந்தது. அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. இதையும் அவளேதான் சொன்னாள்.

மாமனார் போனபோது மூன்று டாக்டர்கள்தான் வேலை அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அதிலும் ஒருவர் ஓய்வுபெறும் யோசனையில் இருந்தார். பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சின்ன லேப், பக்கத்து ஊர் டாக்டர்களும் காத்திருந்து வேலை கொடுக்கிற இடமாக ஆனது. உள்ளே பல்லக்கா. வெளியே அவள் கணவர். அவர் தோளில் எப்போதும் ஒரு சின்ன அலுமினியப் பெட்டி தொங்கும், கிளினிக்குகளில் அவருக்குப் பெட்டிக்காரர் என்றே பெயர். பல்லைக் கொண்டுபோய்க் கொடுப்பது, புது அச்சை வாங்கி வருவது, டாக்டரிடம் நாலு வார்த்தை பேசி இன்னொரு டாக்டரைப் பிடிப்பது எல்லாம் அவர்தான். நல்ல வாய்ச்சாலகர். எங்க லேப் பல்லு என்று அவர் ஆரம்பித்தால் பல் நன்றாக இருப்பவனுக்குக்கூட ஒன்றைப் பிடுங்கிவிட்டு வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றும்.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு இடையில் என்ன வந்தது என்று கேட்டால், பெரிய கதையெல்லாம் இல்லை. இன்னொரு பெண்ணும் இல்லை, குடியும் இல்லை. பேச்சு குறைந்தது. மகள் வெளியூருக்குப் படிக்கப் போனதும் வீட்டில் பல்லைத் தவிரப் பேச வேறொன்றும் இல்லாமல் போனது. அப்போது ஒரு பெரிய லேப் கம்பெனி வந்து, உங்கள் லேப்பை எங்களிடம் விற்றுவிடுங்கள் என்றது. பெட்டிக்காரருக்கு ஐம்பது வயது தாண்டியாயிற்று, முழங்கால் வலி, மாடிப்படிகள் அலுத்துவிட்டன. விற்றுவிடலாம் என்றார். நான் இருக்கிற வரைக்கும் முடியாது என்றாள் அவள். நீ யாரு அதைச் சொல்ல என்று ஒரு நாள் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்தக் கேள்வியை அவள் மறக்கவில்லை, அவரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. தன் அக்கா வீட்டுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பிறகு விவாகரத்துக்கு மனுப் போட்டார்.

விவாகரத்து வேண்டாம் என்று பல்லக்கா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. போகிறவரைப் பிடித்து இழுக்கிற ஜாதி இல்லை அவள். லேப்பில் பாதி தன்னுடையது என்று மட்டும் சொன்னாள். மனுவில் வேறு மாதிரி எழுதியிருந்தது. லேப் கணவருக்கு அவருடைய தந்தை வழி வந்த தொழில். மனைவி வீட்டு வேலை போக மீதி நேரத்தில் கூடமாட ஒத்தாசை செய்தார். அதற்காகச் சம்பளம் ஏதும் பெற்றதில்லை. சம்பளம் வாங்காததே அவளுக்கு எதிரான சாட்சியாக நின்றது. சொந்தக் கடையில் எவளாவது சம்பளம் வாங்குவாளா? எனக்கு அதைப் படித்தபோது பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு அமைந்த வக்கீல் ஒரு சின்னப் பெண். துறுதுறுவென்று இருப்பாள், நடக்கும்போதே பேசுவாள். சட்டத்தை அவள் நேராகவே எடுத்துச் சொன்னாள்.

"அக்கா, உங்க மாமனார் விட்டுட்டுப் போனது உங்க வீட்டுக்காரரோடது. அதுல நாம கை வைக்க முடியாது. ஆனா இன்னிக்கு இருக்கிற லேப் அது இல்லையே. கல்யாணத்துக்கு அப்புறம் வளந்ததுதானே இவ்வளவும். அந்த வளர்ச்சியில உங்க உழைப்பு இருக்குன்னு காட்டிட்டோம்னா பங்கு உண்டு. உங்க சம்மதம் இல்லாம விக்கவும் முடியாது. காட்டலைன்னா, கொஞ்சம் ஜீவனாம்சத்தோட முடிச்சிடுவாங்க. லேப் கை மாறிடும்."

"காட்டறதுன்னா?"

"பல்லெல்லாம் நீங்கதான் செஞ்சீங்கன்னு யாராவது சொல்லணும்."

அங்கேதான் சிக்கல். லேப்பிலிருந்து போன ஒவ்வொரு பெட்டியின் மேலும் மாமனார் பெயர்தான் ஒட்டியிருந்தது. டாக்டர்களைக் கேட்டால் நெளிந்தார்கள். எங்களுக்கு ரெண்டு பேரும் வேணும்மா, புருஷன் பெண்டாட்டி விஷயத்துல எங்களை இழுக்காதீங்க என்றார்கள். மிச்சம் இருந்தது சந்துக் கதவு வழியாக வந்து போனவர்கள். அவர்களுக்குத்தான் நிஜம் தெரியும். ஜன்னல் பக்கம் நின்று தங்கள் வாயைப் பார்த்தது யார், இரண்டாம் தடவை வந்தபோது மெழுகுப் பல்லை மாட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசிக் காட்டச் சொன்னது யார் என்று அவர்கள் சொல்லுவார்கள்.

"ஒரே ஒரு ஆளு போதும் அக்கா. நான் போய் பக்குவமா பேசுறேன்" என்றாள் சின்ன வக்கீல்.

"அது முடியாதும்மா."

"அவங்க சம்மதம் கேட்டுட்டுத்தான்."

"கேக்கறதே தப்பும்மா. உன் வாயில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்னு போய் நின்னா, அது உதவி கேக்கற மாதிரியா இருக்கும்? மிரட்டற மாதிரி இருக்கும்."

சின்ன வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டாள். மகளும் போனில் கெஞ்சிப் பார்த்தாள். பல்லக்கா மசியவில்லை.

கோர்ட்டு, வழக்கைச் சமரசப் பேச்சுக்கு அனுப்பியது. கோர்ட்டுக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு அறை. நீள மேஜை, ஆறு நாற்காலி, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் வராந்தா. நடுவில் உட்கார்ந்து பேச்சு நடத்தியவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், குட்டையான அம்மாள். எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். பெட்டிக்காரர் பக்கம் பேச ஒரு பெரிய வக்கீல் வந்திருந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, கணீரென்ற குரல். அவர் உட்கார்ந்து, எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, ஒரு புன்னகை செய்தார்.

பல்லக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே முன்பக்கம் மூன்று பல், அவள் செய்தது.

பெற்ற பிள்ளையைத் தாய்க்கு அடையாளம் தெரியாதா? விபத்தில் முன்பல் போனவர், ஆறு வருஷம் முன்னால் ஒரு மழைநாளில் சந்துக் கதவு வழியாக வந்தார். சின்ன வயசுப் போட்டோ ஒன்றைக் காட்டி, எல்லாம் வரிசையா முத்து மாதிரி வெச்சிடுங்க என்றார். முத்து மாதிரி வைத்தால் பொய்ப்பல் என்று பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும் என்று சொல்லி, இடது பக்கப் பல்லைப் போட்டோவில் இருந்தபடியே நூலளவு திருப்பி வைத்தாள். இன்னமும் அது அங்கே அழகாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது. நிறமும் மங்கவில்லை.

அவருக்கு அவளை அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அன்றைக்கு அவர் பார்த்தது ஒரு மாஸ்க்கையும் பூதக்கண்ணாடியையும். அதுவும் பாதி நேரம் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். லேப்பில் சம்பளத்துக்கு இருந்த யாரோ ஒரு பெண் என்று நினைத்திருப்பார்.

"மேடம், இந்த அம்மாவை நாங்க குறைச்சு சொல்லலை" என்று ஆரம்பித்தார் அவர். "கூடமாட ஒத்தாசை பண்ணியிருக்காங்க. எந்த வீட்டுலதான் மனைவி பண்ணலை? வாளி எடுத்துக் குடுத்தா, மேஜை துடைச்சா அது தொழில் ஆயிடுமா? பல் செய்யறது நுட்பமான வேலை. அதுக்கு என் கட்சிக்காரரோட அப்பா காலத்துல இருந்து வர்ற கைத்திறமை வேணும்."

நுட்பமான வேலை என்று சொல்லும்போது அந்த மூன்று பல்லும் பளிச்சென்று தெரிந்தன. அவள் செய்த பல்லாலேயே அவளைக் கடித்துக்கொண்டிருந்தார் மனுஷன். பல்லக்காவுக்குக் கோபம் வர வேண்டும், வந்தது. ஆனால் கூடவே, சத்தியமாகச் சொல்கிறேன், பெருமையும் வந்தது. இவ்வளவு வேகமாகப் பேசுகிறார், ஒரு எழுத்து வழுக்கவில்லை, எச்சில் தெறிக்கவில்லை, உதடு எங்கேயும் தட்டவில்லை. எவ்வளவு சுத்தமான வேலை! அவள் உதட்டோரத்தில் சிரிப்பு வந்ததைச் சின்ன வக்கீல் பார்த்துவிட்டாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்களை ஒண்ணுமில்லாம ஆக்கிட்டு இருக்கார் அவர். நீங்க என்னடான்னா சிரிக்கறீங்க!"

"ஒண்ணுமில்லம்மா. நல்லா பேசுறார்ல, அதைப் பாத்தேன்."

"என்னைக் கொன்னுடுவீங்க நீங்க."

சொல்லியிருந்தால் அந்தப் பெண் அங்கேயே குதித்திருப்பாள். பல்லக்கா சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போய், நடு அறையில் உட்கார்ந்து, பாதியில் விட்டிருந்த ஒரு கிழவியின் கீழ்செட்டை முடித்தாள். இந்த மேஜை, இந்தச் சூளை, இந்த ஜன்னல் எல்லாம் இன்னும் கொஞ்ச நாளில் யாரோ ஒரு கம்பெனியின் கைக்குப் போய்விடும் என்று நினைத்தவள், எழுந்து போய் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தாள்.

இரண்டாவது பேச்சு மூன்று வாரம் கழித்து நடந்தது. மேடம் அன்று சுற்றி வளைக்கவில்லை. நேராகப் பெட்டிக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"லேப்ல பல்லு யார் செய்யறாங்க?"

"எங்க லேப்ல நாங்கதான் மேடம்."

"நாங்கன்னா?"

"நான்தான். ஆளுங்க இருப்பாங்க. மேற்பார்வை எல்லாம் நான்."

"முன்பல்லு கஷ்டம்னு சொல்றாங்களே. நிறம் சேக்கணும், வடிவம் சேக்கணும். அதையும் நீங்களே செய்வீங்களா?"

பெட்டிக்காரருக்கு நாக்கு சும்மா இருந்து பழக்கமில்லை. இத்தனை வருஷம் டாக்டர்களுக்கு முன்னால் அளந்த வாய். யாராவது கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டால் போதும், கடையை விரித்துவிடுவார். அன்றும் விரித்தார்.

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? வேற எங்கயும் போக வேண்டாம். இதோ, நம்ம வக்கீல் சார் வாயில இருக்கே, மேல முன்னால மூணு பல்லு, அது நம்ம கைவேலைதான்! பாத்தா தெரியுதா பாருங்க!"

பெரிய வக்கீலின் கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது. காது மடல் சிவந்துவிட்டது. அத்தனை பெரிய ஆள், மழையில் நனைந்த கோழி மாதிரி ஆகிவிட்டார். சின்ன வக்கீல் வாயைப் பிளந்தபடி அவரையும் பல்லக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

முதலில் பேசியது பல்லக்கா. அந்த அறையில் அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

"என்ன பேச்சுங்க இது? யார் வாயில என்ன இருக்குன்னு நாம சொல்றதா? இத்தனை வருஷத்துல என்னிக்காவது சொல்லியிருக்கோமா? கூசலையா உங்களுக்கு? சார்கிட்ட மன்னிப்புக் கேளுங்க முதல்ல."

பெட்டிக்காரருக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. கண்ணடித்தவனையே வீட்டுக்கு அனுப்பியவரின் மகன் அவர். முகம் வெளுத்து, சார், வந்து, தெரியாம, என்று இழுத்தார்.

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பல்லக்காவைப் பார்த்தார். "அந்தப் பல்லு நீங்க செஞ்சதா அம்மா?"

சின்ன வக்கீல் மேஜைக்கு அடியில் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆமாம் என்ற ஒற்றை வார்த்தை போதும். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது, புருஷன்காரரே போட்டு உடைத்தாயிற்று. எந்தப் பல் எவ்வளவு திரும்பியிருக்கிறது, ஏன் திரும்பியிருக்கிறது என்று அவள் சொன்னால் போதும், பாதி லேப் கைக்கு வந்துவிடும். பல்லக்காவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. தொண்டை வரை வந்தது என்று பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.

"அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன் மேடம்" என்றாள். "சார்னு இல்ல, யாரா இருந்தாலும் சொல்ல மாட்டேன். எங்க ரூமை விட்டு அது வெளிய போகாதுங்க."

பெரிய வக்கீல் வாயிலிருந்து கையை எடுத்தார். அந்தக் குரலையும் அந்த வார்த்தைகளையும் அவர் முன்பே ஒரு மழைநாளில் கேட்டிருக்கிறார். பல்லக்காவையே பார்த்தார், மாஸ்க் இல்லாத முகத்தில் கண்ணை மட்டும். பிறகு எழுந்து, கொஞ்சம் அவகாசம் வேண்டும் மேடம் என்று சொல்லிப் பெட்டிக்காரரை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருவரும் நின்று பேசுவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. பெரிய வக்கீல் சத்தம் போடவில்லை. ஒரு விரலைத் தன் வாயை நோக்கிக் காட்டினார், பிறகு அறைக்குள் இருந்த பல்லக்காவின் பக்கம் காட்டினார், பிறகு இரண்டு கையையும் விரித்தார். கட்சிக்காரருக்கு எதிராக அவர் சாட்சி சொல்ல முடியாது, அது அவருடைய தொழில் தர்மம். பொய் என்று தெரிந்த பிறகு அதையே மேடம் முன்னால் பேசவும் முடியாது, அதுவும் தர்மம்தான். நீரே உள்ளே போய் உண்மையைச் சொல்லும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னாராம். இது பிறகு பெட்டிக்காரர் வாயாலேயே பல்லக்காவுக்குத் தெரியவந்தது. அப்போதைக்கு அவள் பார்த்ததெல்லாம், கணவர் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றதைத்தான்.

உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மேடம், பல்லு செய்யறது அவதான்."

"எதெல்லாம்?"

"எல்லாமே." ஆரம்பித்தபோது குரல் எழும்பவில்லை, போகப் போக அவருடைய பழைய கிளினிக் குரல் வந்துவிட்டது. "எங்கப்பா போனப்புறம் அந்த லேப்பை மூடியிருக்கணும் மேடம். எனக்கு மெழுகு பிடிக்கவே வராது. அவ உக்காந்தா. ஒரு பல்லை ஜன்னல்ல வெச்சுப் பாத்து, காலையில ஒரு நிறம் சாயங்காலம் ஒரு நிறம் தெரியுதுன்னு திரும்பவும் சுடுவா. நான் டைம் ஆச்சுன்னு கத்துவேன், நகர மாட்டா. ஒரு டாக்டரு எங்கிட்ட, எது நிஜப்பல்லுன்னு தெரியாம குழம்பிட்டேன்யான்னு சொல்லியிருக்காரு. முன்பல்லுக்கு அவளை அடிச்சிக்க ஆளே கிடையாது மேடம், நீங்க எங்க வேணா விசாரிங்க. லேப்புன்னா அது அவதான். நான் வெறும் பெட்டி தூக்கி. எனக்கு அதுல ஒண்ணும் கிடையாது. எழுதிக்கோங்க."

பல்லக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்திருக்கிறது இந்த மனுஷனுக்கு. ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறார், ஊர் டாக்டர்களிடமெல்லாம் எங்க லேப் என்று பீற்றிக்கொண்டிருக்கிறார், வீட்டுக்குள் வந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது அவளுக்கு. அதே சமயம் எழுந்து அவரை ஒரு அறை விடலாமா என்றும் இருந்தது.

சின்ன வக்கீலுக்குக் கால் தரையில் பாவவில்லை. பல்லக்காவின் காதில் கிசுகிசுத்தாள். "அக்கா, அவரே சொல்லிட்டார். பாதி என்ன பாதி, முக்காவாசிக்கு மேலயே கேக்கலாம். நீங்க பேசாம இருங்க, நான் பாத்துக்கறேன்."

"மேடம்" என்றாள் பல்லக்கா. "அவர் சொன்னதுல பாதிதான் சரி."

மேடம் நிமிர்ந்தார்.

"பல்லு நான் செஞ்சேன். ஆனா பல்லு லேப்புக்குள்ளயே இருந்தா அது வெறும் பீங்கான்தானே? அவங்கப்பா போனப்ப மூணு டாக்டர்தான் இருந்தாங்க. இவர்தான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு மாடியா ஏறினார். உள்ள விட மாட்டாங்க, வாசல்லயே நிப்பார். அதுவரைக்கும் நிறம் மட்டும்தான் வெச்சிட்டிருந்தேன், முழுசா நானே செஞ்சது ஆரம்பத்துல நிறைய திரும்பி வந்துச்சு மேடம், எனக்குக் கை படியலை. ஒரு டாக்டர், நோயாளி முன்னாடியே பல்லைத் தூக்கி இவர் மேல எறிஞ்சார். இதெல்லாம் ஒரு பல்லா, உன் பொண்டாட்டியை சமையல் பண்ணச் சொல்லுன்னார். இவர் கீழ குனிஞ்சு பொறுக்கி எடுத்துக்கிட்டு வந்து, எங்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? கொஞ்சமா சரி பண்ணணுமாம், மத்தபடி டாக்டருக்கு ரொம்பப் பிடிச்சிருக்குதாம், அப்படின்னார். அன்னிக்கு அந்தப் பேச்சை அப்படியே கொண்டாந்து கொட்டியிருந்தா, நான் தூரிகையைக் கீழ வெச்சிருப்பேன். பாதின்னுதான் கேட்டேன். பாதிதான் என்னோடது. அதைக் கொறைக்கவும் விட மாட்டேன், கூட்டவும் வேண்டாம்."

சின்ன வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டாள். பெரிய வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டிக்காரர் மட்டும் அவளை நேராகப் பார்த்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தார்.

"அந்த டாக்டர் எறிஞ்சது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ?"

"அன்னிக்கே. அங்க வேலை பாத்த நர்ஸ் போன் பண்ணிச் சொன்னா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே நீ."

"நீங்க சொல்லலியே."

மேடம் எழுதிக்கொண்டிருந்தார். விவாகரத்துக்கு இருவருக்கும் சம்மதம், லேப் இருவருக்கும் சரிபாதி, ஒருவர் சம்மதமில்லாமல் இன்னொருவர் விற்க முடியாது என்று வாசித்துக் காட்டிவிட்டுக் காகிதத்தைத் திருப்பி வைத்தார். பெட்டிக்காரர் பேனாவை எடுத்தார், எடுத்தவர் கையெழுத்துப் போடாமல் அதை மேஜைக்குக் குறுக்கே பல்லக்காவிடம் நீட்டினார்.

"நீ முதல்ல போடு" என்றார்.

அவள் வாங்கிக்கொண்டு, தன் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதினாள்.